ஈய முத்து வைத்த கூண்டு

நான் மடையன் என்பதை நானே முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வாசிப்பவர்கள் பாதியில் தாங்களாகக் கண்டுபிடித்ததுபோல் பெருமைப்பட்டுக்கொள்வார்கள். அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

சான்றுக்கு ஒன்று. பூனை உள்ளே வரக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளிப்பக்கமிருந்து கம்பி வலை அடித்தேன். முக்காலி மேல் ஏறி நின்று, உதட்டில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டு, பெரிய தச்சன் மாதிரி. அடித்து முடித்து இறங்கப் போனால் இறங்க முடியவில்லை. வலையோடு சேர்த்து என் லுங்கியின் முனையையும் ஜன்னல் சட்டத்தில் அறைந்திருந்தேன். உள்ளே அடுப்புக்கு முன்னால், தோளில் பறவையோடு நின்ற என் மனைவி வலை வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, அப்படியே நிக்கறீங்க?"

"காவல் காக்கறேன்."

"லுங்கி கிழியும். மெதுவா எறங்குங்க," என்று சொல்லிவிட்டு வெங்காயம் அரியப் போய்விட்டாள்.

அந்த மடத்தனத்தில் ஒரு லுங்கிதான் போயிற்று. நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் பூனாப் பக்கம் தாபோடியில் குடியிருந்தோம். தரைத்தளத்தில் ஒன்றரை அறை, பின்னால் ஒரு துணி துவைக்கிற கல், அதற்கு அப்பால் ரயில் பாதை. எனக்கு ஒரு தொழிற்சாலையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலை. இருபது வயதில் வேலூர்ப் பக்கமிருந்து வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. மராத்தியில் யாரையும் வம்புக்கு இழுக்கிற அளவுக்குத் தேறியிருந்தேன். கல்யாணமாகி வந்தவள் குடியாத்தத்துக்காரி. அவளுக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. காய்கறி வண்டிக்காரனிடம் விரலால் காட்டி வாங்குவாள். அவன் வேண்டுமென்றே பக்கத்துக் கூடையைத் தூக்கிக் காட்டுவான். காலையில் நான் கிளம்பினால் சாயந்திரம் திரும்பும்வரை அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது.

பேச்சுத் துணைக்கு என்று ஒரு ஜோடி பறவை வாங்கிவந்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன ஜாதி. கடைக்காரர் 'லவ் பேர்ட்ஸ்' என்றார். புதுசாகக் கல்யாணமானவனுக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது.

முதல் வாரமே ஒன்றைத் தொலைத்தேன். "ஊரச் சுத்திக் காட்டறேன்" என்று கூண்டைத் திறந்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். பெட்டைப் பறவை அறையை ஒரு சுற்றுச் சுற்றி, பரண்மேல் இருந்த காற்றோட்டத் துளை வழியாகப் போய்விட்டது.

"அம்மா வீட்டுக்குப் போயிருக்கும். ஆடி மாசம் இல்ல?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ரெண்டு நாள் பின்கட்டில் நின்று ரயில் பாதைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அவை என் பறவைகள் இல்லை, அவளுடையவை என்பது புரிந்தது.

மிஞ்சியது ஆண். பச்சை உடம்பு, மஞ்சள் முகம், மூக்குக்கு மேலே நீல மச்சம் போல ஒரு மேடு. அது அவளோடு ஒட்டிக்கொண்டது. சோறு வடிக்கும்போது தோளில், துணி மடிக்கும்போது மடிப்பின் மேல், தலை வாரும்போது சீப்பின் முனையில். நாள் முழுக்க அவள் அதனோடு பேசினாள். ஊரில் யாருக்குக் கல்யாணம், தங்கச்சி எழுதிய கடுதாசியில் என்ன, பருப்பு ஏன் வேகவில்லை, எல்லாமே. நாலு மாசத்தில் அதுவும் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டது.

"கழுவுங்க."

நான் வேலை முடிந்து வாசலில் கால் வைத்ததும் அவள் தினமும் சொல்கிற வார்த்தை அது. கையைக் கழுவுங்க. ஈய வேலைக்காரனுக்கு அது சட்டம். எங்கள் செக்‌ஷன் சுவரில் ஹிந்தியிலும் மராத்தியிலும் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும்: சாப்பிடும் முன் கை கழுவு. நாலு மணிக்கு ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். உள்ளே போன புகையை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதைக்கூடக் கை கழுவிய பிறகுதான் வாயில் போட வேண்டும். இதையெல்லாம் கல்யாணமான புதிதில் நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவள் பிடித்துக்கொண்டாள். அவளிடமிருந்து பறவை பிடித்துக்கொண்டது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து ரெண்டு குரல் வரும். ஒன்று அதட்டும், ஒன்று கீச்சிடும்.

பெட்டையைத் தொலைத்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக மிச்சப் பறவையின் பாதுகாப்பு அதிகாரியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன். பறவை வெளியே இருக்கிறபோது மின்விசிறி சுற்றக்கூடாது. சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். ஏப்ரல் மாசத்தில் நாங்கள் ரெண்டு பேரும் வேர்த்து வழிய உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் அறையில் காற்று வாங்கிக்கொண்டு பறப்பார். வாளித் தண்ணீருக்கு மூடி. கொதிக்கிற பாத்திரத்துக்கு மூடி. கொசுவர்த்திப் புகை அதற்கு ஆகாது என்று யாரோ சொல்ல, வர்த்தியை நிறுத்தினேன். கொசுக்கள் எங்கள் ரெண்டு பேரையும் முறை வைத்துக் கடித்தன. வெள்ளிக்கிழமை சாம்பிராணியைப் பின்கட்டுக்கு மாற்றினேன். சாமிக்குக் கிடைத்தது மீதிப் புகைதான். பீரோக் கண்ணாடியில் ஒருநாள் முட்டிக்கொண்டது. உடனே கண்ணாடிக்குப் பழைய புடவையால் திரை. அதன்பிறகு குத்துமதிப்பாகச் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனேன். கன்னத்தில் கீறலைப் பார்த்துவிட்டு செக்‌ஷனில் ஒருவர் கேட்டார், "என்னப்பா, வீட்டில் மறுபடி சண்டையா?"

கடைசியாகக் கூண்டு. கடையில் வாங்கிய கூண்டின் கதவு லொடலொடவென்று ஆடியது. கம்பி இடைவெளி வழியாக ஒருநாள் பூனை முன்னங்காலை விட்டுப் பார்த்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றைக்கே சொல்லிவிட்டேன், "நானே செய்யறேன். இந்த புருஷன் கையில தொழில் கீது."

"கடையிலயே கெட்டியா ஒண்ணு வாங்கலாமே."

"கடைக்காரனுக்கு பூனையோட உறவு. உனக்குத் தெரியாது."

பதினைந்து நாள் பின்கட்டில் உட்கார்ந்து செய்தேன். கம்பியை வளைத்து, மேலே கவிழ்த்த கிண்ணம் போலக் கூரை வைத்து, ரெண்டு ஊஞ்சல், பூட்டு விழுகிற கதவு. கம்பிகள் சேருகிற ஒவ்வொரு இடத்திலும் ஈயம் வைத்தேன். தொழில் தெரிந்தவன் ஈயத்தை மெல்லிசாக வைப்பான். கம்பிக்குள் ஊறி இழுத்துக்கொள்ள வேண்டும், மேலே நிற்கக்கூடாது. செக்‌ஷனில் நான் வைப்பது அப்படித்தான். வீட்டில் மனைவிக்குக் காட்ட வேண்டியிருந்ததே! ஒவ்வொரு மூட்டிலும் முத்து முத்தாகத் திரட்டி வைத்து, துணியால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். எங்கள் இன்ஸ்பெக்டர் பார்த்திருந்தால் அந்தக் கூண்டை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பார்.

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு முத்தை விரலால் தொட்டாள்.

"அழகா கீதுங்க."

கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் என் வேலையைப் பார்த்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அன்றைக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பறவைக்கும் பிடித்துப்போயிற்று. ரொம்பவே. ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு எதிரே இருந்த முத்தை அலகால் உருட்டும், கடிக்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், மறுபடி கடிக்கும். நான் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

"பாரு, எவ்ளோ ரசனை! எங்க இன்ஸ்பெக்டர்கூட இப்படி ஒவ்வொண்ணா பாக்கமாட்டாரு."

"பல்லு இல்லாததாலதான் பொழச்சீங்க. இருந்தா மொத்தக் கூண்டையும் தின்னுடுவான்," என்று அவளும் சிரித்தாள்.

மழை போய், நவம்பர் வந்து, பூனாவுக்கே உரிய அந்தக் காலைக் குளிர் தொடங்கியபோது பறவை சற்றுப் பருமனாகத் தெரிந்தது. இறகெல்லாம் உப்பி, கழுத்தே இல்லாமல், பச்சைப் பந்து போல.

"தொப்பை போட்டுட்டான். நம்ம வீட்டுச் சாப்பாடு அப்படி," என்றேன்.

தினைக் கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருந்தது. "சாப்பாட்டுக்கு மேல சாப்பாடு, மிச்சம் வேற வைக்கறாரு தொரை," என்றேன். கிண்ணத்தை ஒருநாளாவது கொட்டிப் பார்த்திருந்தால் போட்ட தினை அப்படியே கிடப்பது தெரிந்திருக்கும். அதன்மேலேயே தினமும் புதுத் தினையைத் தூவி நிறைத்தவனும் நான்தான். அது கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்து குனியும், அலகை ஆட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் சாப்பிடுவது போலவே இருக்கும். கூட்டத்தில் பலவீனமாகத் தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும் என்பதால் அவை நோயை அப்படி மறைக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் பருந்து இல்லை. அது அதற்குத் தெரியாது.

முதலில் கவனித்தது அவள்தான்.

"ரெண்டு நாளா உங்கள கழுவுங்கன்னே சொல்லலங்க அவன்."

"நான்தான் சொல்லாமலே கழுவறேனே. புத்திசாலி, வீணா எதுக்கு வாயக் கொடுக்கணும்?"

"கரும்பச்சையா வெளிக்குப் போவுது."

"உன் கொத்தமல்லி சட்னி வாசனைக்கே அப்படி ஆவும்."

மூன்றாம் நாள் சாயந்திரம் அது ஊஞ்சலிலிருந்து விழுந்தது. பறந்து இறங்கவில்லை, பழம் விழுவது போல விழுந்தது. எழுந்து நின்றது, ஒரு கால் வழுக்கியது, மறுபடி விழுந்தது. நான் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சிரித்தேன்தான். "பாரேன், கல்யாண வீட்டுல ஓசியில குடிச்சவன் மாதிரியே நடக்கறான்."

அவள் கூண்டைத் திறந்து அதைக் கையில் எடுத்தாள். உடனே முகம் மாறியது.

"தொட்டுப் பாருங்க."

தொட்டேன். இறகுக்கு உள்ளே எதுவும் இல்லை. நெஞ்செலும்பு ஒன்றுதான், கத்தியின் முதுகு போலத் துருத்திக்கொண்டு. தொப்பை என்று நான் பார்த்ததெல்லாம் குளிர் தாங்காமல் அது உப்ப வைத்த காற்று.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, பூனாவின் கேம்ப் ஏரியாவில் பறவை பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று விசாரித்து, பஸ் பிடித்துப் போனோம். அவள் மடியில் கூண்டு, கூண்டின் மேல் அவளுடைய கம்பளிச் சால்வை. வழியெல்லாம் சால்வைக்குள் முகத்தை விட்டு எதையோ பேசிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். நான் தோளைக் குலுக்கினேன், எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லாதது போல. எவ்வளவு சின்னப் புத்தி என்று பாருங்கள்.

டாக்டரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சால்வையை எடுத்ததும் அவர் பறவையைப் பார்க்கவில்லை, கூண்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஊஞ்சலுக்கு எதிரே இருந்த முத்தின் மேல் நகத்தை ஓட்டினார். அப்போதுதான் எனக்கும் கண்ணில் பட்டது. முத்துகளில் பல பாதியாகியிருந்தன. சிலது தட்டையாகி, அலகுத் தடம் பள்ளம் பள்ளமாக விழுந்திருந்தது.

"ஹா பிஞ்சரா குணீ பனவ்லா?" இந்தக் கூண்டை யார் செய்தது என்று கேட்டார்.

"மீச்," என்றேன். நானேதான். அதோடு விட்டேனா? உங்களுக்கும் ஒன்று வேண்டுமென்றால் செய்து தருகிறேன் என்று மராத்தியில் வாலும் சேர்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்றார். சொன்னேன்.

"அங்கே சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவச் சொல்வார்கள், இல்லையா?"

"சொல்வார்கள்."

"எதற்காக?"

எதற்காக என்று எனக்குத் தெரியும். பத்து வருஷம் அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கீழேதான் நின்று வேலை செய்திருக்கிறேன்.

"இதற்குக் கையும் அலகுதான்," என்றார் அவர். "அதால் பிடிக்கும், அதால்தான் தின்னும். நீ இதன் வீட்டு மூலைக்கு மூலை விஷத்தை உருட்டி வைத்திருக்கிறாய்."

பிறகு பறவையை எடுத்துப் பார்த்தார். ஊசி ஒன்று போட்டார். இன்னும் நாலு நாள் தொடர்ந்து கொண்டுவர வேண்டும் என்றார். பிழைக்கலாம், பாதிக்குப் பாதி. ஆனால் இந்தக் கூண்டுக்குள் இனி ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் வை. கூண்டைத் தூக்கி எறி. எல்லாவற்றையும் மராத்தியில், ஒவ்வொரு சொல்லாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

என் மனைவி சால்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு எங்கள் ரெண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொல்றாங்க?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். உள்ளதைச் சொல்ல நாலே வார்த்தை போதும். ஆனால் அவள் கண்ணைப் பார்த்தபோது "அழகா கீதுங்க" என்று சொன்ன முகம்தான் தெரிந்தது.

"குளிர் தாக்கிடுச்சாம்," என்றேன்.

"குளிரா?" அவள் பறவையைப் பார்த்தாள். "நான்தான் சாயந்திரத்துல ஜன்னல தெறந்து வெச்சேன். ரயிலு பாக்கறான்னு."

இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமா, அதுதான் போல," என்றேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவளாகவே ஒரு காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டாள், நான் தேட வேண்டியதில்லை.

டாக்டரம்மா எங்கள் தமிழைக் கேட்டுத் தலையாட்டினார். நான் சரியாகச் சொல்லிவிட்டதாக நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அட்டைப் பெட்டியில் துணி விரித்து, மேலே பல்பு தொங்கவிட்டு, அதில் வைத்தோம். "சூடா இருக்கணுமாம்," என்றேன். கூண்டைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈயத்தையெல்லாம் உருக்கி எடுத்துவிட்டுக் கம்பியால் கட்டிவிடலாம், அவளுக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பழைய கொக்கியிலேயே மாட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் அது கொஞ்சம் தினை கொத்தியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஊசிக்கு மத்தியானத்துக்கு மேல் கொண்டுபோவதாகப் பேச்சு. நான் அரை நாள் வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே சொன்னாள், ரொம்ப உற்சாகமாக. பெட்டிக்குள் அது கீறிக்கொண்டே இருந்ததாம். மேலே தொங்குகிற கூண்டைப் பார்த்துப் பார்த்துக் கத்தியதாம். இருட்டுப் பெட்டியில் பயந்துவிட்டது என்று நினைத்து, ஜன்னலை இறுக்கச் சாத்தி, கூண்டைச் சுற்றிச் சால்வையைக் கட்டி, காற்றே புகாமல் செய்து, காலையிலேயே அதை உள்ளே விட்டுவிட்டாளாம்.

"உள்ள போனதும் அமைதியாயிட்டான். அவன் வூடுதான் அவனுக்கு. அப்பத்திலருந்து அந்த முத்தையே கொத்திக்கினு கீறான்."

நான் சால்வையைப் பிய்த்தேன். கையை உள்ளே விட்டு அதை எடுத்தேன். அவள் பயந்துபோய், "இன்னா, இன்னா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

டாக்டரம்மா, கூண்டை எறிந்துவிட்டாயா என்று கேட்டார். எறிந்துவிட்டேன் என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் அவரவருக்கு வேண்டியதை நான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை, நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது, அது அவள் உள்ளங்கையில் ஒருமுறை இறக்கையை விரித்தது. முழுசாக, அழகாக, பறக்கப்போவது போல. பிறகு மடக்கவில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அவள் அந்தக் கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு, எழுந்துபோய், இன்னொரு கையால், திறந்தே இல்லாத ஜன்னலை மறுபடியும் இறுக்கிச் சாத்தினாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தோம். நான் ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. அதுவே அவளுக்கு வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும். என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுதவள் அவள், ஆறுதல் எனக்கு.

கூண்டை எடுக்க விடவில்லை. "அவன் இருந்தது. நீங்க செஞ்சது," என்றாள். ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, மணி பிளான்ட் கொடியை வைத்து, அதற்குள் தொங்கவிட்டாள். கொடி கம்பியெல்லாம் சுற்றிக்கொண்டு செழிப்பாக வளர்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து, அட, யார் செய்தது என்று கேட்பார்கள். மனைவி பெருமையோடு என்னைக் காட்டுவாள். நான் ஒவ்வொரு தடவையும் "மீச்" என்று சொல்ல வேண்டியிருந்தது. நல்ல தண்டனைதான், ஆனால் எனக்கு மட்டும்தான் அது தண்டனை என்று தெரியும், அதனால் பாதி தண்டனை.

வருஷங்கள் போயின. மகன் பிறந்தான். அவள் மராத்தி கற்றுக்கொண்டாள். காய்கறி வண்டிக்காரனை இப்போது அவள்தான் அழவைப்பாள். மகன் ஆறேழு வயதில் அம்மாவிடம், "ஆயி, ஏக் பட்சி வாங்கலாமா?" என்று ரெண்டு பாஷையையும் பிசைந்து கேட்டான். அவள் நிறுத்தாமல் பாத்திரம் தேய்த்தபடியே, "இந்த வூட்டுல பட்சி வாணாம்," என்றாள். அவளுக்கு இன்னும் துக்கம் ஆறவில்லை என்று நினைத்தேன். துக்கம் என்றே நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய அக்கா மகள் கம்ப்யூட்டர் வேலை கிடைத்துக் கணவனோடு பூனாவிலேயே மகர்பட்டாவுக்குக் குடிவந்தாள். இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்கூட்டரில் பார்க்கப் போனோம். எட்டாவது மாடி. பால்கனியில் ஒரு கூண்டு, கடையில் வாங்கியது, வெள்ளைப் பூச்சு. உள்ளே ஒரு நீலப் பறவை, அதே ஜாதி.

"சித்தப்பா, இவன் செம வாலு," என்று அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எட்டாவது மாடியில இருந்தும் வாடகை குடுக்காதவன் இவன் ஒருத்தன்தான்," என்றேன். சிரித்தாள்.

என் மனைவி கூண்டுக்குக் கிட்டே போனாள். விரலை நீட்டப்போய், நீட்டாமல், முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பொழுது சாயறப்போ கூண்ட உள்ள எடுத்துக்கினு இந்தக் கதவ மூடிடும்மா," என்றாள். "காத்து அடிக்கும். மறந்துடாத."

"மூடிடுவேன் சித்தி."

"மறந்துடாத. நான் அப்படித்தான் ஒண்ண சாவடிச்சிட்டேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல சித்தி."

"இல்லம்மா. டாக்டரே சொன்னாங்க. ஜன்னல தெறந்து வெச்சது நான்தான். அப்புறம் பொட்டிக்குள்ள கெடக்கணும்னு சொன்னத எடுத்து வெளிய விட்டதும் நான்தான். இப்பக்கூட டிசம்பர் வந்தா எனக்கு அந்த விரிச்ச ரெக்கை ஞாபகம்தான் வருது."

பேச்சில் அழுகை இல்லை. ரேஷன் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்வது போலச் சொன்னாள். பத்து வருஷத்துக்கு மேல் சொல்லிச் சொல்லி வழவழப்பானதுபோல இருந்தது. யாரிடம் சொன்னாளோ. என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். என் கையில் ஒரு தட்டு அவல் போஹா இருந்தது. "உங்க சித்திக்கு குளிர்காத்து மேலயே கேஸ் போடற அளவுக்கு கோவம்," என்றேன். அந்தப் பெண் சிரித்தாள். அவள் கணவனும் சிரித்தான். என் மனைவி பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்டில் எட்டு மாடி இறங்குகிறவரை எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. சாவியைப் போட்டேன். திருப்பவில்லை.

"ஒரு விஷயம்," என்றேன்.

"சொல்லுங்க."

சொன்னேன். டாக்டரம்மா குளிர் என்று சொல்லவே இல்லை. நான் வைத்த ஈயம்தான். முத்து முத்தாக வைத்தேனே, அதைத் தின்றுதான். ஜன்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூண்டில் ஒரு நிமிஷம்கூட வைக்காதே என்று அவர் சொன்னதை நான்தான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அதை உள்ளே விட்டிருக்க மாட்டாய். எல்லாம் நான்தான்.

சுருக்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் வைத்திருந்தது இவ்வளவுதானா என்றிருந்தது. அவள் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். பக்கத்தில் யாரோ காரை ரிவர்ஸில் எடுத்தார்கள். அது போகிறவரை நின்றாள். அப்புறமும் நின்றாள். என் வாய், அதன் போக்கில் விட்டால் என்ன செய்யுமோ, அதைச் செய்தது.

"நல்ல வேளை, நான் கோர்ட்டுல பாஷை மாத்திச் சொல்ற வேலைக்குப் போகல. பாதி ஊர தூக்குல போட்டிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

"சிரிக்காம இன்னொரு வாட்டி சொல்லுங்க," என்றாள்.